காரீயச் சுரூபம்

அந்தச் சுரூபத்தை ஈயத்தில் செய்யலாம் என்று சொன்னவள் நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபாதர் கேட்டது ஃபைபரில். என் கணவர் மரத்தில் செய்யச் சொன்னார். இரண்டையும் வேண்டாம் என்று தள்ளியது நான்.

நான் சிலை செய்கிறவள். பிறந்தது பாகூர் பக்கம், நெல்லும் கரும்பும் போடுகிற இந்துக் குடும்பத்தில். சிற்பம் படிக்கப் புதுச்சேரிக்கு வந்தவள் இங்கேயே தங்கிவிட்டேன். கட்டிக்கொண்டது ஒரு சொல்தாவை. பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்தவர்களை இந்த ஊரில் அப்படித்தான் சொல்வோம். தலைமுறைகளாகப் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பம் அவருடையது. ஓய்வு பெற்றதும் அவர் பிரான்சில் தங்காமல் ஊருக்கே வந்துவிட்டார். எங்கள் மகள் மட்டும் அங்கே நர்சாக இருக்கிறாள். குருசுக்குப்பத்தை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. பின்பக்கம் தகரக் கூரை போட்ட கொட்டகை ஒன்று உண்டு. அதுதான் என் பட்டறை.

மழைக்காலம் முடிகிற சமயம் ஃபாதர் வந்தார். காலாப்பட்டுக்கும் அப்பால், கடற்கரையோரம் ஒரு மீனவக் குப்பத்தில் சின்ன மாதா கோயில் அவருடையது. நாற்பது வயதுக்குள் இருக்கும். அதிகம் பேச மாட்டார். கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். பெரிய வெள்ளியன்று தூம்பாவில், அதாவது சவப்பெட்டியில் கிடத்தி ஊர்வலமாகத் தூக்கிப்போகும் இயேசுவின் சுரூபம். பழைய பிளாஸ்டர் வேலை. புயல் மழையில் கூரை ஒழுகி, வயிறு ஊறி வெடித்திருந்தது. உள்ளே சாக்கு நார் தெரிந்தது.

“இதே மாதிரி ஃபைபர்ல ஒண்ணு பண்ணிக் குடுங்கம்மா. லேசா இருக்கும். தூக்கறவங்களுக்கும் வசதி” என்றார்.

அவர் போன பிறகும் அந்த ‘லேசா’ என்ற சொல் எனக்குள் உறுத்திக்கொண்டே இருந்தது. கல்யாணம் ஆன வருஷம், என் முதல் பெரிய வெள்ளி நினைவுக்கு வந்தது. கணவர் வீட்டாரோடு வரிசையில் நின்று, குனிந்து, சுரூபத்தின் பாதத்தில் உதடு வைத்து நானும் முத்தி செய்தேன். எனக்கு முன்னால் முத்தி செய்த அம்மாளின் மோதிரம் அந்தப் பாதத்தில் பட்டு ‘டக்’கென்று ஒரு சத்தம் கேட்டது. உள்ளே ஒன்றுமில்லாத சத்தம். ஊரே அழுதுகொண்டிருக்கும்போது எனக்கு மட்டும் அழுகை நின்றுவிட்டது. எங்கள் ஊர்க் கோயிலில் சாமி என்றால் கல். பத்துப் பேர் சேர்ந்தாலும் அசைக்க முடியாது. செத்துப்போன கடவுளைத் தூக்கிப் போகிறார்கள், அவருக்குக் கனமே இல்லையென்றால் எதைத் தூக்குகிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

“மரத்துல செய்யேன். சிலுவை மரந்தானே” என்றார் கணவர்.

“அதனாலதாங்க வேணாம். கொன்னதும் மரம், செத்ததும் மரம்னு ஆயிடும்.”

கல்லும் சரிவரவில்லை; கல்லறைதான் கல். வெண்கலத்தை நான் நெடுநேரம் யோசித்தேன். ஆனால் வெண்கலத்தில் ஒளி இருக்கிறது, சூடு இருக்கிறது. எப்படிச் செய்தாலும் அது உயிரோடு இருக்கும். எனக்கு வேண்டியது மூன்றாம் நாள் எழப்போகிறவர் அல்ல, அதற்கு முந்தின இரண்டு நாள் நிஜமாகவே செத்துக் கிடந்தவர்.

இடத்தைப் பார்க்க அந்தக் குப்பத்துக்குப் போனபோதுதான் ஈயம் கிடைத்தது. கோயிலுக்கு எதிரே மணலில் உட்கார்ந்து ஒரு பெண் வலை கட்டிக்கொண்டிருந்தாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவளாக இருப்பாள். பக்கத்தில் ஒரு சட்டி நிறைய ஈயக்குண்டுகள். நான் ஒன்றை எடுத்துப் பார்த்தேன். புளியங்கொட்டை அளவுதான். உள்ளங்கையில் வைத்ததும் கை தானாகக் கொஞ்சம் இறங்கியது.

“இதுதாங்க்கா வலைய அடிக்குக் கொண்டுபோறது. இது இல்லன்னா மேலயே மெதந்துனு கெடக்கும், ஒண்ணும் மாட்டாது” என்றாள் அவள்.

இயேசுவின் முதல் சீடர்கள் வலைக்காரர்கள். அவர் இறந்ததும் பாதாளம் வரைக்கும் இறங்கினார் என்று கணவர் வீட்டில் தினமும் சொல்லி ஜெபிப்பார்கள். அடிக்கு இறங்குகிற உலோகம். நிறமும் அதுதான்: நீலம் ஓடிய சாம்பல், உயிர் போய் அரை நாள் ஆன தோல். கோயில் வாசலிலேயே நின்று ஃபாதரிடம் சொன்னேன். அவர் ஒத்துக்கொண்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில், ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு கைப்பிடி குண்டு கொண்டு வரும்படி ஜனங்களைக் கேட்டார். உங்கள் வீட்டுப் பாரத்தை அவர் மேல் வையுங்கள் என்று பிரசங்கம் செய்தாராம். கிறிஸ்தவர்கள் மட்டுமில்லாமல் குப்பத்து இந்து வீடுகளிலிருந்தும் கொடுத்தார்கள். கடலுக்குப் போய்த் திரும்பாத ஒருவருடைய மனைவி முழு வலையின் குண்டுகளையும் அறுத்துக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாளாம். கிறிஸ்துமஸுக்கு முன்பு எங்கள் கொட்டகையில் மூட்டை மூட்டையாக ஈயம் வந்து இறங்கியது.

மூன்றடி நீளத்தில் செய்வதாகத் திட்டம். களிமண்ணில் உருவம் செய்து, பிளாஸ்டரில் அச்சு எடுத்து, அச்சு நன்றாகக் காய்ந்ததும் உருக்கிய ஈயத்தை ஊற்ற வேண்டும். ஒரே தடவையில் முடியாது. முதலில் கால்கள், பிறகு கைகள், பிறகு உடம்பு, கடைசியில் தலை. உருக்கி ஊற்றும் வேலையைக் கணவர் எடுத்துக்கொண்டார். ஓய்வுக்குப் பிறகு கைக்கு வேலை கிடைத்த சந்தோஷம் அவருக்கு. ஈயம் சீக்கிரம் உருகிவிடும். கேஸ் அடுப்பும் இரும்புச் சட்டியும் போதும். குண்டுகளில் ஒட்டியிருந்த பாசியும் நைலானும் எரிந்து நாற்றம் எடுத்ததால் பக்கத்து வீட்டார் குறை சொன்னார்கள். நாங்கள் கொட்டகைக் கதவைச் சாத்திக்கொண்டோம்.

ஈயம் உடம்புக்கு ஆகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். பெயிண்ட் டப்பாவில் போட்டிருப்பதை எத்தனையோ தடவை படித்திருக்கிறேன். முகத்துக்கு ஏதாவது கட்டிக்கொள்ளுங்கள் என்று அவரிடம் இரண்டு தடவை சொன்னேன். கைக்குட்டையைக் கட்டினார். வியர்த்ததும் அவிழ்த்துவிட்டார். மூன்றாவது தடவை நான் சொல்லவில்லை. அவர் அடுப்புப் பக்கத்திலேயே உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துத் தின்றுகொண்டு வேலை பார்ப்பார். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் காலை அச்சிலிருந்து எடுத்த அன்று, விளிம்பில் பிதுங்கியிருந்ததைக் கத்தியால் சீவினேன். சீவின இடம் வெள்ளி மாதிரி பளிச்சென்று மின்னியது. மறுநாள் பார்த்தால் அந்த இடமும் மங்கிச் சாம்பலாகிவிட்டது. அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு திட்டம் உருவாகிவிட்டது. காயங்களை இப்போது செதுக்கக் கூடாது. ஒவ்வொரு வருஷமும் பெரிய வெள்ளி காலையில் போய், விலாவையும் கை கால்களையும் புதிதாகக் கீற வேண்டும். ஜனங்கள் முத்தி செய்ய வரும்போது காயம் மட்டும் மின்னும். பிறகு அது தானாகவே மங்கி மூடிக்கொள்ளும். வேறு எந்தப் பொருளும் இதைச் செய்யாது. ஃபாதரிடம் தொலைபேசியில் சொன்னேன். “செய்யுங்கம்மா” என்றார். அத்தனை வருஷ வேலையில் நான் அவ்வளவு கர்வப்பட்டதில்லை.

பொங்கல் கழிந்த வாரம் பூனை செத்தது. எங்களுடைய பூனை இல்லை. கொட்டகைச் சூட்டுக்காக வந்து அடுப்படியில் படுத்துக்கொள்ளும் தெருப்பூனை. படுத்து எழுந்து உடம்பையெல்லாம் நக்கிச் சுத்தம் செய்துகொண்டிருக்கும். ஒரு வாரமாகச் சுவரை முட்டிக்கொண்டு நடந்தது. பிறகு ஒரு மத்தியானம் கால்களை விறைத்து விறைத்து இழுத்து, வாயில் நுரை தள்ளி என் கண் முன்னாலேயே அடங்கியது. எலி மருந்தைத் தின்றிருக்கும் என்றார் கணவர். ஆமாம் என்றேன். அவரே வேப்பமரத்தடியில் புதைத்தார்.

மாசி பிறந்ததும் அவருக்கு வயிற்று வலி தொடங்கியது. சாப்பிட்டதெல்லாம் செம்புக் காசைச் சப்பினது மாதிரி இருக்கிறது என்பார். மலச்சிக்கல். தெருமுனை டாக்டர் கேஸ் டிரபிள் என்று மாத்திரை கொடுத்தார். ராணுவத்தில் பதினேழு வருஷம் இருந்தவர், குரலை உயர்த்தாத மனுஷன், உப்பு குறைந்ததற்காக ஒருநாள் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போனார். மதியத்தில் தூங்கவே தூங்காதவர் மூன்று மணி வரைக்கும் படுத்துக் கிடந்தார். உடம்பு இளைத்துக்கொண்டே வந்தது.

இப்போது சொல்வதற்கு எனக்குக் கூசுகிறது, ஆனாலும் சொல்ல வேண்டும். சுரூபத்தின் உடம்புக்கு நான் மாதிரியாக வைத்துக்கொண்டது அவரைத்தான். சட்டையைக் கழற்றிப் பாயில் மல்லாந்து படுக்கச் சொல்லி, பக்கத்தில் களிமண்ணை வைத்துக்கொண்டு வேலை செய்வேன். வாரத்துக்கு வாரம் அவருடைய விலா எலும்புகள் தெளிவாகிக்கொண்டு வந்தன. வயிறு உள்ளே ஒட்டியது. காறை எலும்புக்கு மேல் குழி விழுந்தது. எனக்கு அது வசதியாக இருந்தது. முதலில் செய்த களிமண் உடம்பைத் திருத்தி, ஒவ்வொரு எலும்பாகக் கூட்டிக்கொண்டே போனேன். “இப்பதாங்க சரியா வருது” என்று அவரிடமே சொல்லியிருக்கிறேன். அவரும் கண்ணை மூடியபடி, “நல்லா வந்தா சரி” என்றார்.

பங்குனி ஆரம்பத்தில், உடம்பையும் தலையையும் வார்த்துச் சேர்த்து முடித்த வாரம், ஒருநாள் காலை காபி டம்ளர் அவர் கையிலிருந்து நழுவி விழுந்தது. குனிந்து எடுக்கப்போனவர் அப்படியே நின்றார்.

“கை வரமாட்டேங்குது” என்றார்.

“எந்தக் கை?”

வலது கையை நீட்டிக் காட்டினார். முழங்கை வரைக்கும் தூக்க முடிந்தது. மணிக்கட்டுக்குக் கீழே கை மடங்கித் தொங்கியது. விரல்களை நிமிர்த்த முயன்று முயன்று நெற்றியில் வியர்வை வந்துவிட்டது. கை தொங்கியபடியே இருந்தது. அந்தக் கையை எனக்குத் தெரியும். சிலுவையிலிருந்து இறக்கிய உடம்பின் கை என்று ஒரு மாதத்துக்கு முன்பு நான் வார்த்து, கொட்டகை மேஜை மேல் வைத்திருந்தது அதே கைதான். அதே மடிப்பு, அதே விரல்கள்.

பக்கவாதம் என்று நினைத்தேன். அன்றைக்கே மகள் வீடியோவில் வந்தாள். அப்பாவின் முகத்தைக் கிட்டே காட்டச் சொன்னாள்.

“அம்மா, பப்பா ஏன் இப்பிடி வெளுத்துப் போயிருக்காரு? எத்தினி நாளா?”

“வயித்து வலிதாம்மா. இப்ப கையும்...”

“நீங்க ரெண்டு பேரும் என்னா வேல பண்ணிட்டிருக்கீங்க அங்க?”

நான் சொன்னேன். அவள் என்னைத் திட்டவில்லை. இந்த நிமிஷமே ஆட்டோ பிடித்துக் கதிர்காமத்துக்குப் போகச் சொன்னாள். திட்டியிருந்தால் பரவாயில்லை என்றிருந்தது.

கதிர்காமம் ஆஸ்பத்திரியில் பார்த்தது ஓர் இளம் பெண் டாக்டர். கணவருடைய வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். பிறகு என்னையும் கூப்பிட்டுக் காட்டினார். கீழ்ப் பல்வரிசையில் ஈறும் பல்லும் சேருகிற இடத்தில், பென்சிலால் கோடு இழுத்தது மாதிரி நீலச் சாம்பலில் ஒரு கோடு. மூன்று மாதமாக நான் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்த அதே நிறம்.

“ரத்தம் எடுத்து அனுப்பறோம். ஆனா ஈயம்தான், எனக்குச் சந்தேகமில்ல” என்றார் டாக்டர். “நீங்களும் குடுங்கம்மா. அந்தக் கொட்டகைய இன்னிக்கே பூட்டிடுங்க. பெருக்காதீங்க, தூசி கெளம்பும். இந்தத் துணியோட வீட்டுக்குள்ள போகாதீங்க.” பிறகு ஏதோ யோசித்தவராய்க் கேட்டார்: “அந்தச் சிலை எங்க போகுது?”

“மாதா கோயிலுக்கு.”

“அங்க அத என்ன பண்ணுவாங்க?”

“பெரிய வெள்ளியன்னிக்கு ஜனங்க முத்தி செய்வாங்க” என்றேன்.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். காயங்களை அன்று காலை புதிதாகக் கீறப்போவதையும் சொன்னேன். மறைக்கத் தோன்றவில்லை.

“ஒரு முத்தத்துல யாரும் சாக மாட்டாங்க” என்றார் அவர் பொறுமையாக. “ஆனா புதுசா வெட்டின எடத்துல தூள் இருக்கும். குழந்தைங்க வாய் வெக்கும், கையால தடவும், அந்தக் கைய வாயில போடும். வருஷா வருஷம். வேணாம்மா.”

கணவரை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். ரத்தத்திலிருந்து ஈயத்தைப் பிரித்தெடுக்கும் மருந்து கொடுத்தார்கள். நான்கு நாள் கழித்து முடிவு வந்தது, டாக்டர் சொன்னதுதான். எனக்கும் இருந்தது, அவர் அளவுக்கு இல்லை. அவர் கட்டிலில் படுத்து, தொங்கும் கையைத் தலையணை மேல் ஏற்றி வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பார். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தால், “மொதல்ல போயி ஃபாதர்கிட்ட சொல்லு” என்பார். வேறு பேச்சு கிடையாது.

பெரிய வெள்ளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை. ஃபாதரின் அறையில் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் முகம் மெல்ல மெல்லக் கறுத்தது.

“வார்னிஷ் அடிச்சா?”

“உரியும் ஃபாதர். உப்புக் காத்து.”

“காயத்த வெட்டாம வுட்டுட்டா?”

“அப்பவும் வாய் வெக்கிறதுக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது.”

“ஜனங்க வீட்டுக்கு வீடு எடுத்துக் குடுத்த ஈயம்மா அது” என்றார். அதட்டவில்லை. கெஞ்சுகிற குரல். கடைசியில், “நீங்களே சொல்லிடுங்க. என் வாயால சொன்னா ஏதோ கொற கண்டுபுடிச்சுட்டேன்னு நெனைப்பாங்க” என்றார்.

குருத்து ஞாயிறு பூசை முடிந்து, கையில் ஓலையோடு ஜனங்கள் நின்றிருந்தபோது அவர்கள் முன்னால் பேசினேன். சுரூபம் முடிந்துவிட்டது, ஆனால் அதை யாரும் தொடக் கூடாது, முத்தி செய்யக் கூடாது, ஈயம் விஷம், என் கணவர் ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னேன். கோபப்படுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஆனால் முன்வரிசையிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது. மணலில் உட்கார்ந்து வலை கட்டிக்கொண்டிருந்த அந்தப் பெண்தான்.

“இதுக்கா அக்கா இவ்ளோ பயப்புடறீங்க?” என்றாள். “நாங்கோ குண்ட பல்லால கடிச்சுத்தான் கயித்துல பூட்டறோம். சின்னப் புள்ளைலேர்ந்து அப்பிடித்தான். எங்களுக்கு இன்னா ஆயிடுச்சு?”

மற்றப் பெண்களும் சிரித்தார்கள். இன்னொருத்தி, பழைய குண்டுகளைத் தன் வீட்டுச் சமையல் அடுப்பிலேயே உருக்கிப் புதுசு வார்ப்பதாகச் சொன்னாள். குழந்தைகள் குண்டை வைத்துக் கோலி ஆடுவார்கள், சில வாண்டுகள் வாயில் அடக்கிக்கொண்டு திரியும் என்று வேறொருத்தி சொன்னாள். அவர்கள் எனக்குத் தைரியம் சொல்வதற்காகத்தான் இதையெல்லாம் சொன்னார்கள். அவர்கள் சிரிக்கும்போது நான் பார்த்தது அவர்களுடைய ஈறுகளை. பக்கத்தில் நின்ற ஃபாதரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

பெரிய வெள்ளியன்று சுரூபத்தைத் தூம்பாவில் கிடத்தி, மேலே கண்ணாடி போட்டுத் திருகாணியால் முடுக்கிவிட்டோம். காயங்களை நான் கீறவில்லை. கையுறையும் முகமூடியும் போட்டுக்கொண்டு ஈரத் துணியால் உடம்பு முழுக்கத் துடைத்தேன், அவ்வளவுதான். முத்தி செய்வதற்கு ஃபாதர் ஒரு மரச் சிலுவையைக் கொடுத்தார். சாயங்காலம் எட்டுப் பேர் தூம்பாவைத் தூக்கினார்கள். வழக்கமாக ஊர்வலத்தில் தூக்குகிறவர்கள் ஏதாவது பேசிக்கொண்டு போவார்களாம். அன்று யாருக்கும் பேச மூச்சு இல்லை. கடற்கரையை அடைவதற்குள் மூன்று தடவை இறக்கி வைத்துத் தோள் மாற்றினார்கள். ஒவ்வொரு தடவை இறக்கும்போதும் அது மணலில் பதிந்தது. பெண்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். கணவனைக் கடலில் பறிகொடுத்தவள் என்று எனக்கு யாரோ காட்டிய பெண், கண்ணாடி மேல் இரண்டு கையையும் வைத்து, நெற்றியையும் வைத்து, அப்படியே நின்றாள். அவளை விலக்க யாருக்கும் மனசு வரவில்லை.

நான் ஆசைப்பட்டது அத்தனையும் நடந்தது. அந்தக் கனம் எல்லாருக்கும் தெரிந்தது. நான்தான் நிமிர்ந்து பார்க்க முடியாமல் கூட்டத்தின் பின்னால் நடந்துகொண்டிருந்தேன்.

ஈஸ்டர் கழிந்ததும் அந்த டாக்டர் இரண்டு நர்சுகளோடு குப்பத்துக்கு வந்து கோயில் கூடத்தில் உட்கார்ந்தார். ரத்தம் கொடுக்கப் பெண்கள் தயங்கினார்கள். ஃபாதர் முதலில் தன் கையை நீட்டினார். அதற்குப் பிறகு வந்தார்கள். முடிவுகள் வந்தபோது டாக்டர் என்னையும் ஃபாதரையும் தனியாகக் கூப்பிட்டார். பெரியவர்களைவிடச் சின்னக் குழந்தைகளுக்கு அதிகமாக இருந்தது. வலை கட்டும் பெண்ணின் கடைசிப் பெண்ணும் அதில் ஒருத்தி. ஐந்து வயது. பேச்சு தாமதம், எதையும் கவனிப்பதில்லை என்று அங்கன்வாடியில் சொல்லிக்கொண்டிருந்த குழந்தை.

அந்தக் காகிதத்தைத் தாய்க்காரிக்குப் படித்துச் சொன்னது நான்.

“அப்ப இது அந்தச் சொரூபத்தால வந்தது இல்லியா?” என்றாள்.

“இல்ல. அதுக்கு முன்னாடியே இருந்துச்சு.”

“நீங்க அத செய்யலன்னா எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது.”

எனக்கு ஆறுதலாகச் சொன்னாளா, குற்றமாகச் சொன்னாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. ஃபாதர் இதை ஆண்டவருடைய செயல் என்று நம்புகிறார். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. என் கணவருடைய கையைப் பார்த்துக்கொண்டு அப்படிச் சொல்வது பெரிய அயோக்கியத்தனமாகத் தோன்றுகிறது. குண்டுகளைப் பூட்ட இப்போது பெண்கள் குறடு வைத்துக்கொண்டிருக்கிறார்கள். உருக்குவது குப்பத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில். குழந்தைகளுக்கு மருந்து நடக்கிறது. மூளைக்குப் போனது திரும்புமா என்று கேட்டதற்கு டாக்டர் நேராகப் பதில் சொல்லவில்லை.

சுரூபம் பீடத்துக்குக் கீழே, கண்ணாடிக்குப் பின்னால் கிடக்கிறது. கொட்டகையை ஆள் வைத்துப் பிரித்தோம். மண்ணை ஒரு முழம் ஆழத்துக்கு வழித்து எடுத்துப்போனார்கள். கணவருக்கு நாலைந்து மாதத்தில் மணிக்கட்டு நிமிர்ந்தது. வலது கட்டைவிரல் மட்டும் சரியாக வரவில்லை. சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்வார். நான் உதவப் போனால் கையைத் தட்டிவிடுவார். வயிறும் முகமும் தேறிவிட்டன. என்னிடம் அவர் கோபப்பட்டதே இல்லை. ஒரே ஒரு தடவை, “இப்பதான் சரியா வருதுன்னு சொன்னியே, அப்ப எனக்கு நெஜமாவே சந்தோஷமா இருந்துச்சு” என்றார்.

போன மாதம் வேறொரு ஊரிலிருந்து ஒரு ஃபாதர் கூப்பிட்டார். சுரூபத்தின் படத்தைக் கைப்பேசியில் பார்த்திருக்கிறார். அதேபோல் தங்கள் கோயிலுக்கும் ஈயத்தில் வேண்டும் என்றார். நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன். “நாங்களும் கண்ணாடி போட்டுடறோம்மா” என்றார். முடியாது என்றேன். பரவாயில்லை, விழுப்புரம் போகிற வழியில் ஒரு வார்ப்புப் பட்டறை இருக்கிறது, அவர்கள் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். பட்டறையின் எண்ணைக் கேட்டு வாங்கிக் கூப்பிட்டேன். எடுத்தவர் மரியாதையாகப் பேசினார். ரொம்ப வருஷமாக ஈயம் உருக்குகிறோம், எங்களுக்கு ஒன்றும் ஆனதில்லை என்றார்.

அடுத்த அறையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கணவர், “எடம் எங்கன்னு கேளு” என்றார். “நான் போயி கையக் காட்டிட்டு வரேன்.”

மறுநாள் பஸ் ஏறிப் போனார். திரும்பி வரச் சாயங்காலம் ஆகிவிட்டது. செருப்பை வாசலிலேயே கழற்றி, சட்டையையும் அங்கேயே அவிழ்த்து வாளியில் போட்டு, கை கழுவிவிட்டுத்தான் உள்ளே வந்தார்.

“என்ன சொன்னாங்க?” என்று கேட்டேன்.

“மூணு பேரு வேல செய்யறாங்க” என்றார். “ஒருத்தரு பேசவே இல்ல. என் கையப் புடிச்சு விரல ஒவ்வொண்ணா மடக்கி மடக்கிப் பாத்தாரு. கெளம்பும்போது பின்னாடியே வந்து, எனக்கும் ரொம்ப நாளா வயித்து வலிங்கன்னாரு.”

“அப்புறம்?”

“செவ்வாக்கெழம அவரக் கதிர்காமத்துக்குக் கூட்டிட்டுப் போறேன். நீயும் வா.”